ஸ்டெர்லிங் பாலப் போர் இன்று நிற்கும் கல் பாலத்தின் மேல்தான் நடந்ததா?

ஆங்கிலேய ஆதிக்கத்தை எதிர்த்த ஸ்காட்லாந்து வீரர் வில்லியம் வாலஸ் 1297-இல் ஆங்கிலப் படையை முறியடித்தது ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் நகரில் இன்றும் நிற்கும் பழைய கல் பாலத்தின் மேல்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. போர் நடந்தது ஒரு மரப்பாலத்தில். கல் பாலம் எழுந்தது அதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்துத்தான். நானும் முதல் முறை போனபோது உங்களைப் போலவே நம்பிக்கொண்டுதான் அதன் மேல் ஏறினேன்.

நான் போன நேரம் ஃபோர்த் ஆற்றில் நீர் வடிந்திருந்தது. கடலின் ஏற்ற இறக்கம் அந்த இடம் வரை எட்டும். கரையோரம் முழுவதும் கரும்பழுப்புச் சேறு; கால் வைத்தால் முழங்கால் வரை இழுத்துக்கொள்ளும் என்று பார்த்தாலே தெரிந்தது. ஆறும் அங்கே நேராகப் போவதில்லை, பாம்பு நெளிவதுபோல வளைந்து வளைந்து போகிறது. அந்தச் சேற்றையும் வளைவையும் பார்த்த பிறகுதான் எனக்குப் போரே புரிந்தது.

பல நூற்றாண்டுகளுக்கு, அந்த ஆறு கடலில் சேருவதற்கு முன் இருந்த கடைசிப் பாலம் ஸ்டெர்லிங்கில்தான் இருந்தது. மேற்கே சுற்றிப் போகலாம் என்றால் சதுப்பு நிலம். வடக்கே படை நடத்த நினைத்தவர் யாராக இருந்தாலும் இங்கே வந்தே தீரவேண்டும்.

1297 செப்டம்பர் 11 அன்று அப்படி வந்தவர் சர்ரே பிரபு ஜான் டி வாரன். இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் தளபதி, அறுபதைத் தாண்டியவர். பாலத்தில் இரண்டு குதிரைகள்தான் பக்கத்தில் பக்கமாகப் போக முடியும். ஆங்கிலேயர் பக்கம் இருந்த ரிச்சர்ட் லண்டி என்ற ஸ்காட்லாந்து வீரர், அருகிலேயே ஆழம் குறைந்த துறை ஒன்று இருக்கிறது, ஒரே நேரத்தில் அறுபது பேர் கடக்கலாம், கொஞ்சம் படை கொடுத்தால் எதிரியின் முதுகுப்பக்கம் போய்விடுகிறேன் என்று மன்றாடினார். வாரன் கேட்கவில்லை. மன்னரின் பணத்தை இனியும் வீணாக்கக் கூடாது என்று பொருளாளர் ஹியூ டி கிரெசிங்காம் அவசரப்படுத்தினார். இரண்டிரண்டு பேராகப் பாலத்தில் ஏறத் தொடங்கினார்கள்.

எதிரே ஏபி கிரெய்க் குன்றின் சரிவில் வாலஸும் அவரோடு சேர்ந்து படை நடத்திய ஆண்ட்ரூ மோரேயும் காத்திருந்தார்கள். எனக்கு இந்தப் போரில் மிகவும் வியப்பாக இருப்பது அந்தக் காத்திருப்புதான். கண்ணெதிரே எதிரி வந்து குவியும்போது, தம்மால் சமாளிக்கக்கூடிய அளவு ஆட்கள் வந்து சேரும்வரை ஆயிரக்கணக்கான ஈட்டி வீரர்களை அசையாமல் நிறுத்திவைப்பது எளிய காரியமா? நேரம் வந்ததும் இறங்கிப் பாய்ந்தார்கள். ஒரு பிரிவு நேராகப் பாலத்தின் வடமுனையைப் பிடித்துக்கொண்டது. ஆற்றின் வளைவுக்குள் அகப்பட்டவர்களுக்கு முன்னே ஈட்டி, மற்ற எல்லாப் பக்கமும் தண்ணீர். கனத்த குதிரைகள் ஈர நிலத்தில் திணறின. அக்கரையில் இருந்த வாரனால் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது. மார்மடூக் ட்வெங் என்ற வீரர் மட்டும் வெட்டி வழி செய்துகொண்டு பாலத்தின் மேலேயே திரும்பி வந்தார். கிரெசிங்காம் கொல்லப்பட்டார், அவருடைய தோலில் வாலஸ் வாளுக்கு வார் செய்துகொண்டதாக லேனர்காஸ்ட் மடத்துப் பதிவேடு சொல்கிறது. வரி வசூலித்தவர் மீது அவ்வளவு வெறுப்பு. வாரன் மரப்பாலத்தை உடைக்கச் சொல்லிவிட்டு பெரிக் நகரை நோக்கிக் குதிரையை விரட்டினார்.

வாலஸைப் பற்றிய புகழ்பெற்ற ஹாலிவுட் படத்தில் இந்தப் போர் பாலமே இல்லாத வெட்டவெளியில் நடக்கிறது. பாலத்தை எடுத்துவிட்டால் இந்த வெற்றிக்குக் காரணமே இல்லாமல் போகிறது; அதில் எனக்கு இன்றுவரை மனம் ஆறவில்லை.

இன்றைய கல் பாலம் 1500-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. நான்கு வளைவுகள். வெள்ளத்தைப் பிளந்து அனுப்புவதற்காகத் தூண்கள் படகின் மூக்குப் போலக் கூராக இருக்கின்றன. அதற்கும் போர் முகம் உண்டு. அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் ஆட்சியில் அமர்த்த 1745-இல் எழுந்த கிளர்ச்சியின்போது, ஸ்டெர்லிங் கோட்டையைக் காத்த தளபதி பிளேக்னி, கிளர்ச்சிப் படை கடந்துவிடக் கூடாது என்று தென்முனை வளைவைத் தகர்த்தார். 1749-இல் அதைத் திரும்பக் கட்டினார்கள். வாரன் செய்ததையே 448 ஆண்டுகள் கழித்து இன்னொருவர் செய்திருக்கிறார். இப்போது பாலத்தில் வண்டிகள் போவதில்லை, நிதானமாக நிற்கலாம். பழைய மரப்பாலத்தின் தடமும் கிடைத்திருக்கிறது: கல் பாலத்துக்குச் சற்று முன்னால், ஆற்றின் மேல்நீர்ப் பக்கம், அதற்குச் சாய்வான கோட்டில், நான்கு தூண்களின் கல் அடித்தளங்கள் ஆற்றுக்கு அடியில்.

பாலத்திலிருந்து பார்த்தால் ஏபி கிரெய்க் மேல் 67 மீட்டர் உயரக் கோபுரம் தெரியும், வாலஸின் பெயரில் 1869-இல் முடித்தது. நீங்களும் கேள்வியில் வாலஸை மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள். வடபகுதி முழுவதையும் கிளர்ந்தெழச் செய்தவர் மோரே. இந்தப் போரில் பட்ட காயத்தால் அவர் இறந்தார் என்பதே பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் முடிவு. போர் முடிந்து சரியாக ஒரு மாதத்தில், அக்டோபர் 11 அன்று, எங்கள் துறைமுகங்கள் மறுபடியும் திறந்திருக்கின்றன, வணிகத்துக்கு வாருங்கள் என்று ஜெர்மனியின் வணிக நகரங்களான லூபெக், ஹாம்பர்க் நகரத்தாருக்கு இருவர் பெயரிலும் ஒரு கடிதம் போயிற்று. அதில் முதலில் வருவது மோரேயின் பெயர்.