ஊரின் பெயரைச் சுமக்கும் பொம்மைகள்: ஃபுனாபாஷிக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, ஜப்பானின் சிபா மாகாணத்து ஃபுனாபாஷி நகருக்குக் குடிவந்த சில வாரங்களிலேயே நல்ல கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். அரசு அடையாள எண் அட்டைக்கான தாளில் முயல், ரயில் நிலையச் சுவரொட்டியில் சிவப்பு நாய் போன்ற ஓர் உருவம், போலீஸ்காரர்களின் துண்டறிக்கையிலும் ஒரு பொம்மை. ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் பொம்மை வேடத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்ள நரைத்த தலைக்காரர்களும் வரிசையில் நிற்கிறார்கள். "இது சிறுபிள்ளைத்தனமாக இல்லையா?" என்று அலுவலகத்தில் கேட்டபோது பக்கத்து இருக்கைக்காரர் முகம் சுருங்கிப் பேச்சை நிறுத்திவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்று கேட்கிறீர்கள். அவர் எந்த ஊர்க்காரர் என்று விசாரித்துப் பாருங்கள், பாதி விடை கிடைத்துவிடும்.

உங்கள் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். அந்தச் சிவப்பு உருவத்தின் பெயர் சிபா-குன். நாயைப் போலத் தெரிந்தாலும் அதை நாய் என்று யாரும் சொல்வதில்லை, விசித்திரப் பிராணி என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். 2010-இல் இங்கே நடந்த தேசிய விளையாட்டு விழாவுக்காக 2007-இல் உருவாக்கப்பட்டு, பிறகு மாகாணத்தின் சின்னமாகவே நிலைத்துவிட்டது. அதைப் பக்கவாட்டில் பாருங்கள்: அதன் உருவ எல்லைதான் சிபா மாகாணத்தின் வரைபடம். மூக்கு நுனி நோதா, நாக்கு உராயசு, பாதம் தெற்கே ததேயாமா. வீடு எங்கே என்று கேட்டால் "சிபா-குன்னின் மூக்குப் பக்கம்" என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நான் இந்த மாகாணத்தின் நிலவியலைக் கற்றதே அந்த உடம்பை வைத்துத்தான். பக்கத்து வீட்டு அம்மா குப்பை அட்டவணையின் பின்புறத்தில் அதை வரைந்து, ஒவ்வோர் ஊரையும் புள்ளி வைத்துக் காட்டினார்.

இப்படி ஓர் ஊரின் கதையை உடம்பில் ஏற்றி வைப்பதுதான் இவற்றின் அடிப்படை. திருநெல்வேலி என்றால் அல்வா, மணப்பாறை என்றால் முறுக்கு என்று வளர்ந்த நமக்கு இது உடனே பிடிபட வேண்டும். எஹிமே மாகாணத்து இமாபாரி நகரின் பாரி-சான் ஒரு கோழிக்குஞ்சு. ஏனென்றால் அந்த ஊர் சுட்ட கோழிக்குப் பெயர் பெற்றது. இடுப்பில் கட்டியிருப்பது உள்ளூர்த் துண்டு, தலையில் இருக்கும் கிரீடம் அங்குள்ள கடல் பாலம், கையில் கப்பல் வடிவப் பணப்பை. துண்டு நெசவும் கப்பல் கட்டுதலும் அந்த ஊரின் பிழைப்பு. தோச்சிகி மாகாணத்து சானோவின் சானோமாரு தலையில் ராமென் என்னும் நூடுல்ஸ் சூப்புக் கிண்ணத்தைக் கவிழ்த்து, இடுப்பில் வாளுக்குப் பதில் பொரித்த உருளைக்கிழங்குக் குச்சியைச் செருகியிருக்கிறது. நரித்தாவின் உனாரி-குன் பாதி விலாங்கு, பாதி விமானம். விமான நிலையத்தில் இறங்கியபோதே நீங்கள் அதைக் கடந்து வந்திருக்கலாம்.

இவற்றை யுரு கியாரா, அதாவது தளர்வான பாத்திரங்கள், என்று அழைக்கத் தொடங்கியவர் ஓவியரும் கட்டுரையாளருமான மியுரா ஜுன். விளையாட்டு விழாக்களுக்காகவும் கண்காட்சிகளுக்காகவும் ஊராட்சிகள் செய்து வைத்திருந்த, சற்றே ஒழுங்கு குலைந்த பொம்மைகளை அவர் தேடித் தேடிப் பார்த்து எழுதினார். சொந்த ஊர்மேல் பற்று தெரிய வேண்டும், அசைவு தள்ளாட்டமாகவும் தனித்தன்மையோடும் இருக்க வேண்டும், மனத்தை இளக்கும் ஒரு தளர்வு இருக்க வேண்டும் என்பவை அவர் சொன்ன மூன்று நிபந்தனைகள். அழகு அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். நேர்த்தியாக, வெட்டி ஒட்டினாற்போல் செய்யப்பட்ட சின்னங்களை மக்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். கோணல்மாணலாக நிற்பதைத்தான் அணைத்துக்கொள்கிறார்கள்.

அலை எழுந்தது 2007-இல். ஷிகா மாகாணத்து ஹிகோனே கோட்டையின் 400-ஆம் ஆண்டு விழாவுக்காக வந்த ஹிகோன்யான், சிவப்புத் தலைக்கவசம் அணிந்த வெள்ளைப் பூனை. அந்தக் கோட்டையை ஆண்ட ஈ என்னும் குலத்தின் வீரர்கள் சிவப்புக் கவசம் அணிந்தவர்கள். அந்தக் குலத்து ஈ நவோதாகாவை ஒரு வெள்ளைப் பூனை கையசைத்து அழைத்து இடியிலிருந்து காப்பாற்றியது என்பது தோக்கியோவின் கோதோகுஜி கோயிலில் சொல்லப்படும் கதை. இரண்டையும் சேர்த்தால் ஹிகோன்யான். அதைப் பார்க்கவே கோட்டைக்குக் கூட்டம் வந்ததைக் கண்ட மற்ற ஊர்கள் சும்மா இருக்குமா?

அந்த ஊர்களின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். 1999-இல் 3,232 ஆக இருந்த நகராட்சி, ஊராட்சிகள் இணைப்புக்குப் பிறகு 2010-இல் 1,727 ஆகச் சுருங்கின. பழைய பெயர்கள் பல வரைபடத்திலிருந்தே போயின. இளைஞர்கள் தோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் போய்விட்டார்கள். பள்ளிகள் மூடப்படுகின்றன. எங்கள் ஊரையும் நினைவில் வையுங்கள் என்று சொல்ல, பெரிய விளம்பரத்துக்குப் பணமில்லாத ஓர் ஊருக்கு ஒரு பொம்மை உடுப்பு கைக்கு எட்டியது. உங்கள் பக்கத்து இருக்கைக்காரருக்கு வலித்தது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

குமாமோத்தோ மாகாணத்தின் கரடிப் பொம்மையான குமாமொன்னைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2011 மார்ச் 12 அன்று கியூஷூ அதிவேக ரயில் பாதை முழுமையாகத் திறக்கவிருந்தது. ரயில் நம் ஊரில் நிற்காமல் ககோஷிமாவுக்குப் பறந்துவிடுமோ என்று குமாமோத்தோ மாகாணத்துக்குக் கவலை. பிரசாரத்துக்கு ஒரு முத்திரைச் சின்னம் கேட்டபோது வடிவமைப்பாளர் மிசுனோ மனாபு யாரும் கேட்காமலேயே ஒரு கருப்புக் கரடியையும் சேர்த்து வரைந்து கொடுத்தார். குமாமோத்தோ என்ற பெயரின் எழுத்தில் கரடி இருக்கிறது, காடுகளில் ஒரு கரடியும் இல்லை. அந்தக் கரடியை 2010-இல் ஒசாகாவுக்கு அனுப்பிப் பெயர் அட்டை கொடுக்கச் செய்தார்கள். பிறகு காணாமல் போய்விட்டதாக ஆளுநரே செய்தியாளர்களைக் கூட்டித் தேடச் சொன்னார். உருவத்தைப் பயன்படுத்த உள்நாட்டு நிறுவனங்களிடம் கட்டணம் கேட்காமல், குமாமோத்தோவை வளர்க்கும் பொருளாக இருந்தால் அனுமதி தந்தார்கள். என் பார்வையில் மிகப் பெரிய துணிச்சல் இதுதான். தக்காளிப் பெட்டியிலும் அரிசிப் பையிலும் அந்தச் சிவந்த கன்னங்கள் வந்து உட்கார்ந்தன. 2015-இல் அதன் பெயரில் விற்ற பொருள்களின் மதிப்பு 10,000 கோடி யென்னைத் தாண்டியது.

பிறகு 2016 ஏப்ரல். 14-ஆம் தேதி குமாமோத்தோவில் ஒரு பெரும் நிலநடுக்கம், 16-ஆம் தேதி அதைவிடப் பெரியது. கோட்டை மதில்கள் சரிந்தன. குமாமொன் பொதுவெளியிலிருந்து மறைந்துவிட்டது. கரடி எங்கே, நலமாக இருக்கிறதா என்று நாடே கேட்டது. சித்திரக்கதைக் கலைஞர்கள் அதற்குத் தைரியம் சொல்லிப் படங்கள் வரைந்து அனுப்பினார்கள். மே 5, குழந்தைகள் தினத்தன்று அது மீண்டும் வெளியே வந்து பாதிக்கப்பட்ட ஊர்களின் பிள்ளைகளைச் சந்தித்தது. அப்போது என் பிரிவில் குமாமோத்தோக்காரர் ஒருவர் இருந்தார். வீடு இழந்த பெற்றோரைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. அந்தச் செய்தி வந்த நாளில் மட்டும் கைப்பேசியை என் பக்கம் திருப்பி, "திரும்பி வந்துவிட்டான்" என்றார். அதன் பிறகு எந்தப் பொம்மையையும் நான் இலேசாகப் பேசியதில்லை.

எல்லாமே இப்படி உயர்ந்ததாக நடந்தது என்று சொல்லமாட்டேன். 2010 முதல் 2020 வரை நடந்த யுரு கியாரா தேர்தல் போட்டி, பிற்பாடு வாக்கு வேட்டையாக மாறியது. 2018-இல் யொக்காயிச்சி நகராட்சி தன் பொம்மைக்காக ஊழியர்களைக் கொண்டு வாக்குகளைக் குவித்தது பெரும் சர்ச்சையானது. ஒசாகா மாகாண அரசிடம் மட்டும் 92 பொம்மைகள் சேர்ந்துவிட, 2014-இல் குறைக்க வேண்டியதாயிற்று. நாராவின் செந்தோ-குன் 2008-இல் வெளிவந்தபோது, புத்தரைப் போன்ற குழந்தைக்கு மான்கொம்பா என்று கொதித்தவர்கள் அதற்கு எதிராக வேறொரு பொம்மையையே உருவாக்கினார்கள். இன்று செந்தோ-குன்தான் அந்த மாகாணத்தின் முகம்.

உங்கள் ஊரின் ஃபுனாஷி இன்னொரு வகை. நகராட்சியின் ஒப்புதல் இல்லாமல், தனி ஒருவரின் முயற்சியாக எழுந்த பேரிக்காய்த் தேவதை. மற்றவை வாய் திறக்காதபோது இது கத்துகிறது, துள்ளுகிறது, "பேரிச்சாறு பீய்ச்சுகிறேன்" என்று கூவுகிறது. 2013 வாக்கில் நாடு முழுக்கப் பிரபலமாகிவிட்டது. சிபா மாகாணம் ஜப்பானிலேயே பேரிக்காய் அதிகம் விளையும் இடங்களில் ஒன்று. ஆகஸ்டு வந்ததும் ஃபுனாபாஷி, கமகாயா சாலையோரத் தோட்டக் கடைகளில் வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள்.

உள்ளே இருப்பவர் யார் என்று யாரிடமும் கேட்காதீர்கள், குழந்தைகள் முன்னால் நிச்சயம் வேண்டாம். பொம்மையோடு ஓர் உதவியாளர் நடந்து வருவார். அவர் போதும் என்றால் போதும், உள்ளே வெப்பம் தாங்காது. உங்கள் மகள் பயந்தால் தள்ளி நின்று கையசைக்கச் சொல்லுங்கள், அதுவும் கையசைக்கும். பக்கத்து இருக்கைக்காரரிடம் "உங்கள் ஊரின் பொம்மை எது?" என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும்.

கடைசியாக, பொங்கல் விழா அழைப்பிதழில் சிபா-குன்னைப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு மாகாண அரசிடம் முன்கூட்டி விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். விண்ணப்பம் ஜப்பானிய மொழியில் இருக்கும். நிரப்பத் தடுமாறினால் எனக்கு அனுப்புங்கள், நான் பார்த்துத் தருகிறேன்.