இரண்டு அங்குல மெத்தை

கேள்வி: சோஷலிஸம் பேசிய தலைவர்களால், கையால் தொட்டுப் பார்க்கிற மாதிரி சாதாரண மக்களுக்கு ஏதாவது நன்மை கிடைத்ததா? – ஒரு வாசகர், திருச்சி

பதில்: தொட்டுப் பார்ப்பது என்ன, அதன்மேல் படுத்தே தூங்கியிருப்பீர்கள். ரயிலில் இரண்டாம் வகுப்புப் படுக்கை ஒரு காலத்தில் வெறும் மரப்பலகை. சிறுவயதில் ராத்திரிப் பயணம் என்றால் அம்மா ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போட்டு என்னைப் படுக்க வைப்பார். அப்படியும் விடியும்போது இடுப்பெலும்பு வலிக்கும். அம்மா விரிப்பே இல்லாமல் படுத்திருப்பார். 1977இல் ஜனதா ஆட்சியில் ரயில்வே அமைச்சரான சோஷலிஸ்ட் தலைவர் மது தண்டவதே, அந்தப் பலகைக்கு மேல் இரண்டு அங்குல ஃபோம் மெத்தை போட வைத்தார். அமைச்சர்களின் சாதனை என்று எதை எதையோ சொல்கிறோம். எனக்கு இதுதான் பெரிது.

அதே ஆண்டு டிசம்பரில் ஹவுராவுக்கும் பம்பாய்க்கும் இடையே முதல் வகுப்பே இல்லாத கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. 1974 வேலைநிறுத்தத்தில் வேலை பறிபோன ரயில்வே தொழிலாளர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டதும் அவர்தான்.

அகமத்நகரில் பிறந்தவர், பம்பாய் சித்தார்த் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். கோவா விடுதலைக்காக 1955இல் சத்தியாகிரகம் செய்தார். மகாராஷ்டிரத்தின் மேற்குக் கடலோரக் கொங்கண் பகுதியில் ராஜாபூர் தொகுதி மக்கள் 1971 முதல் தொடர்ந்து ஐந்து முறை அவரை ஜெயிக்க வைத்தார்கள். ரயிலையே பார்க்காத பகுதி அது. கொங்கண் ரயில் பாதைக்காக விடாமல் வாதாடினார். 1990இல் அந்தப் பாதை போடுவதற்கென்று தனி ரயில்வே நிறுவனம் தொடங்கியபோது நிதியமைச்சர் அவர். ரயில்வே அமைச்சர் இன்னொரு சோஷலிஸ்ட், ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ். அப்புறம்தான் மலையைக் குடைந்து பாதை வந்தது.

கேள்வி: தண்டவதேயின் மனைவியும் அரசியலில் இருந்தாராமே? – ஒரு வாசகி, மதுரை

பதில்: ஆமாம், பிரமிளா தண்டவதே. அவரைத் தனியாகவே ஒரு தலைவராகச் சொல்ல வேண்டும். நெருக்கடி நிலையின்போது கணவர் பெங்களூர் சிறையில், மனைவி புனே எரவாடா சிறையில். தணிக்கை அதிகாரி படித்த பிறகுதான் கைக்கு வரும் என்று தெரிந்தும் இருவரும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். 1980இல் பிரமிளா பம்பாயிலிருந்து மக்களவைக்கு ஜெயித்துப் போய், வரதட்சணைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். தனித்தனிச் சிறைகளில் இருந்த அந்தக் கணவனும் மனைவியும் அப்போது ஒரே அவையில் உறுப்பினர்கள்.