ஷாங்காயில் அக்ரோபாட்டிக்ஸ் நிகழ்ச்சியைத் தவிர்த்துவிடலாமா?

ஷாங்காய் சுற்றுலாவில் ஒரு மாலை அக்ரோபாட்டிக்ஸ் நிகழ்ச்சிக்கு ஒதுக்கப்பட்டுள்ளது என்றும், நம் ஊர் சர்க்கஸைப் பார்த்தவர்கள் அதைத் தவிர்த்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தவிர்க்க வேண்டாம். கல்லூரிக் காலத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் அணியில் இருந்தவன் என்பதால், இதை வேடிக்கை என்று ஒதுக்குவோரிடம் எனக்கு எப்போதும் மனத்தாங்கல் உண்டு; பதில் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலை நிமித்தமாக அங்கே இருந்தபோது, ஊரிலிருந்து வந்திருந்த மாமாவையும் அத்தையையும் பழைய பாணி நிகழ்ச்சி ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். ஓர் இளைஞர் நாற்காலிமேல் நாற்காலியாக அடுக்கிக்கொண்டே ஏறி, உச்சியில் கைகளை ஊன்றித் தலைகீழாக நின்றார். அரங்கம் அவருடைய கால்களைப் பார்த்தது. நான் விரல்களைப் பார்த்தேன். கைகளில் நிற்பவர் உண்மையில் அசையாமல் நிற்பதில்லை. உடல் விரல்களின் பக்கம் சாயத் தொடங்கினால் விரல் நுனிகளை அழுத்த வேண்டும். மறுபக்கம் சாய்ந்தால் அழுத்தத்தைத் தளர்த்தித் தோள்களால் மீட்க வேண்டும். இந்தத் திருத்தம் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும். அவருடைய விரல்கள் வெளுப்பதும் சிவப்பதுமாக இருந்ததை முன்வரிசையிலிருந்து நன்றாகக் காண முடிந்தது.

அடுத்து ஒற்றைச் சக்கர வண்டியில் வந்த பெண், பாதத்தின்மேல் வைத்த கிண்ணங்களை எற்றி எற்றித் தம் தலையில் அடுக்கினார். "எல்லாம் காந்தம் மாப்ள, கிண்ணத்துக்கு அடியில வச்சிருப்பாங்க" என்றார் மாமா. அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கிண்ணம் தவறி விழுந்து மேடை விளிம்புவரை உருண்டது. காந்தமும் அதனோடு போயிற்று. அந்தப் பெண் குனிந்து வணங்கிவிட்டு அதே வித்தையைத் திரும்பத் தொடங்கினார். மறுபடியும் தவறியது. தவறியதை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகாமல், செய்து முடித்த பிறகே நகர்வது அங்குள்ள குழுக்களிடம் பரவலாகக் காணப்படும் வழக்கம். மூன்றாம் முறை கிண்ணங்கள் தலையில் சரியாக அமர்ந்தபோது அத்தை எழுந்து நின்று கைதட்டினார். மாமாவோ சந்தேகத்தைக் கிண்ணத்திலிருந்து சக்கரத்துக்கு மாற்றிக்கொண்டார்.

இது சுற்றுலாப் பயணிகளுக்காக நேற்று முளைத்த கலையன்று. கி.மு. 108இல் ஹான் பேரரசர் வூ நடத்திய, வித்தைகளும் சேர்ந்த மல்லாட்ட விழாவைக் காண முந்நூறு லி (பழைய சீனத் தூர அளவு) தொலைவுக்குள் இருந்தவர்கள் எல்லாம் வந்தனர் என்று ஹான் வரலாற்று நூல் கூறுகிறது. நிலநடுக்கங்காட்டியை உருவாக்கிய சாங் ஹெங், மேற்குத் தலைநகரைப் பற்றிய நெடும்பாடலில் இத்தகைய வித்தைகளை வரிசையாக விவரிக்கிறார். அவற்றுள் ஒன்று தூலு நாட்டாரின் கழையேற்றம். அதே தூலு, ஹான் நூலின் கடல்வழிக் குறிப்பில், ஹுவாங்சி நாட்டுக்குச் செல்லும் வழியில் இடம்பெறுகிறது. ஹுவாங்சியைக் காஞ்சிபுரம் என்று கொள்ளும் ஆய்வாளர்கள் பலர். உடனே நம் கழைக்கூத்துதான் சீனாவுக்குப் போனது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். தூலு வேறு, ஹுவாங்சி வேறு. வடமேற்குச் சீனாவின் துன்ஹுவாங் குகைக் கோயில்களில் 156ஆம் குகையில், ஊர்வலத்தின் முன்னே ஒருவர் தலையில் கழையைத் தாங்க, அதன்மேல் சிறுவர்கள் வித்தை காட்டும் ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியம் இன்றும் உள்ளது.

குழந்தைகளை வதைக்கும் கலையைப் புகழ்கிறேன் என்று சிலர் எழுதக்கூடும். அந்தக் கவலை நியாயமானதே. ஒரு காலத்தில் வறுமை காரணமாகப் பிள்ளைகளை நாடோடிக் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள். கிண்ண வித்தையில் புகழ்பெற்று, சீன அக்ரோபாட்டிக்ஸ் கலைஞர் சங்கத்தின் தலைவராக உயர்ந்த வூஹான் நகரத்து ஷியா ஜூஹுவாவும் அவ்வாறு ஒரு குழுவுக்கு வளர்ப்புப் பிள்ளையாகச் சென்றவரே. இன்று இக்கலையின் பிறப்பிடமாகக் கருதப்படும் ஹெபெய் மாநிலத்து வூசியாவ் வட்டத்தில் இதற்கெனத் தனிப் பள்ளியே இருக்கிறது. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வந்து பயின்றிருக்கிறார்கள். இடுப்பு, கால், கரணம், கைகளில் நிற்றல் ஆகிய நான்கும் அடிப்படைப் பாடங்கள். அதில் வலியே இல்லை என்று நான் வாதிடவில்லை. ஆனால் எங்கள் கல்லூரியில் மேலிடத்து ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் பாய் விரிப்பார்கள், மற்ற நாட்களில் சிமெண்ட் தரையில்தான் கரணம். முறையான பயிற்சியைக் கொடுமை என்போர் அந்தத் தரையைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை.

இரும்பு உருண்டைக்குள் மோட்டார் சைக்கிள்கள் சுற்றும் பெரிய அரங்க நிகழ்ச்சியும் அங்கே உண்டு. தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் நாற்காலியும் கிண்ணமும் இடம்பெறும் சிறிய அரங்கையே கேளுங்கள், முன்வரிசையில் அமருங்கள். கைபேசியின் ஃபிளாஷை மட்டும் தயவுசெய்து அணைத்துவிடுங்கள். அந்தக் கிண்ணங்கள் விழுந்த இரு முறையும் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக வெளிச்சம் பாய்ந்தது எங்கள் வரிசையிலிருந்துதான்.