அப்பா, அம்மா இருவருக்கும் இனிப்புநீர் (நீரிழிவு நோய்) என்றால் பிள்ளைக்கும் கட்டாயம் வருமா?

கட்டாயம் இல்லை. அப்பா, அம்மா, இரண்டு சித்தப்பா என்று என் குடும்பத்திலும் எல்லோரும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். இதே பயத்தோடு பல வருடம் இருந்தேன்.

பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் என் பாட்டி கோலசிலாங்கூர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மூன்று வேளையும் சோறு, சீனி போட்ட தேத்தண்ணி. விடியுமுன் எழுந்து மரம் மரமாக நடந்து, பால் வாளி சுமப்பார். கடைசிவரை அவருக்கு இனிப்புநீர் வரவில்லை. அவர் மகனான அப்பாவுக்குச் செந்தூலில் அடுக்குமாடி வீடு, இரவு ஷிப்டில் உட்கார்ந்து பார்க்கும் காவல் வேலை, காலையில் மாமாக் கடை ரொட்டி சானாய், பாலும் சீனியும் கலந்த தே தாரிக். 44 வயதில் வந்துவிட்டது.

நடக்காத தசை ரத்தத்துச் சீனியைக் குறைவாகத்தான் எடுக்கும். வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் கொழுப்பு சேரச் சேர இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காது. நம்மவர்களுக்கு ஒல்லியாகத் தெரியும்போதே தொப்பை விழுந்துவிடுகிறது. அதனால்தான் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. இடுப்புச் சுற்றளவையே எல்லையாக வைத்திருக்கிறார்கள். இரவில் விழித்துச் சாப்பிடுவதும் கெடுதல், அந்நேரத்தில் உடம்பு சீனியைச் சரியாகக் கையாளாது. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர்; இந்தியர்களில் மட்டும் 31 விழுக்காட்டுக்கும் மேல். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சோம்பேறித்தனம் என்று யாரையும் திட்டாதீர்கள். நடைபாதை பாதியில் முடிகிற தெரு, எந்த நேரமும் திறந்திருக்கும் கடை, இரண்டு வேலை பார்த்தால்தான் கட்டுகிற வாடகை, இதற்குள்தான் அப்பா வாழ்ந்தார்.

சரி, மாற்ற முடியுமா? 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இனிப்புநீர் வரும் எல்லைக்கோட்டில் இருந்தவர்கள் உடல் எடையில் 7 விழுக்காடு குறைக்கவும் வாரம் 150 நிமிடம் நடக்கவும் முயன்றார்கள். நோய் வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. இனிப்புநீருக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 31 விழுக்காடுதான் குறைந்தது.

எனக்கு ரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரி (HbA1c) எல்லைக்கோட்டுக்குள் 6.0 வந்தபோது தே தாரிக்கை விட்டு, பாலும் சீனியும் இல்லாத 'தே ஓ கோசோங்' கேட்க ஆரம்பித்தேன். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து, தாமான் திடலில் அம்மாவோடு இருபது நிமிடம் நடை. அடுத்த வருடம் 5.6.

உங்களுக்கு 30 வயது தாண்டியிருந்தால் இந்த வாரமே அரசு கிளினிக்கில் ரத்தம் பார்த்துவிடுங்கள். அப்பாவையும் அம்மாவையும் நடக்கக் கூட்டிப் போங்கள், அவர்களுடைய சீனி அளவும் இறங்க அது உதவும்.