இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்த மாமியாரை ஏற்காட்டு வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இது: மாமியாருக்கு 74 வயது. நாகலூர் பக்கம் வீடு. மழையில் பாசி பிடித்த வாசற்படியில் வழுக்கி விழுந்ததில் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்துவிட்டது. சேலத்தில் ஆபரேஷன் ஆகிவிட்டது, இரண்டு மூன்று நாளில் டிஸ்சார்ஜ். "வீட்டில் நான் ஒருத்திதான். எதைச் செய்யணும், எதுக்குப் பயப்படணும்னு யாராவது சொல்லுங்க."

நான் சேலத்தில் எலும்பு முறிவு வார்டில் 19 வருடமாக நர்ஸ். பிறந்தது மஞ்சக்குட்டை பக்கம். அந்தப் பாசியும் தெரியும், அந்தப் படியும் தெரியும்.

எலும்பு வேலையை டாக்டர் முடித்துவிட்டார். இனி உங்கள் கையில் இருப்பது எலும்பைச் சுற்றியிருக்கிற மற்ற எல்லாம்: தோல், ரத்த ஓட்டம், நெஞ்சு, வயிறு, மனசு. இந்த வயதில் இடுப்பு முறிந்து வந்தவர்கள் கையை விட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்திருக்கும். அதற்கப்புறம் படுத்தே கிடந்ததில் நிமோனியா, காலில் ரத்தக்கட்டி, படுக்கைப் புண் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கும். அத்தனையும் பக்கத்தில் இருப்பவர் கவனித்தால் பெரும்பாலும் தடுக்கக்கூடியவை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும்போதே டாக்டரிடம் கேளுங்கள்: "இடுப்பு மூட்டின் பந்தை மாற்றியிருக்கீங்களா, இல்லை ஸ்க்ரூ, பிளேட் வைத்திருக்கீங்களா? காலை எவ்வளவு ஊன்றலாம்?" பந்து மாற்றியவர்களைப் பெரும்பாலும் மறுநாளே வாக்கர் பிடித்து ஊன்றி நடக்க வைப்போம். ஸ்க்ரூ போட்ட சிலருக்குப் பாதத்தைத் தரையில் லேசாகத் தொட்டு வைக்க மட்டும்தான் அனுமதி. பக்கத்துப் படுக்கைக்காரர் நடக்கிறாரே என்று இவரையும் நடக்க வைப்பது தப்பு. பயப்படுகிறார் என்று நடக்கவே விடாமல் வைப்பது அதைவிடப் பெரிய தப்பு.

பந்து மாற்றியிருந்தால் அது நழுவாமல் இருக்கச் சில கட்டுப்பாடு சொல்வார்கள். பின்பக்கமாகத் திறந்து செய்திருந்தால் ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிட மேலே போகக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு காலுக்கும் நடுவே தலையணை வேண்டும். தரையில் உட்கார்வது, குந்துவது எல்லாம் டாக்டர் சொல்லும்வரை கிடையாது. நம் வீடுகளில் இதைக் கெடுப்பது இரண்டு விஷயம்தான், தாழ்வான கட்டிலும் குந்தி உட்காரும் கக்கூஸும். உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுசாகப் பதிய வேண்டும், முழங்கால் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். அந்த உயரத்துக்குக் கட்டிலில் இன்னொரு மெத்தை போடுங்கள். கமோடு நாற்காலி ஒன்றை மலையேறும் முன் சேலத்திலேயே வாங்கிவிடுங்கள்.

மலையேறுவது என்றதும் நினைவுக்கு வருகிறது. 20 கொண்டை ஊசி வளைவு. ஆபரேஷன் ஆன நான்காம் நாள் அந்த வழியில் உட்கார்ந்து போனவர்கள் பட்ட பாட்டைக் கேட்டிருக்கிறேன். சேலத்தில் சொந்தக்காரர் வீடு இருந்தால், தையல் பிரிக்கிற பன்னிரண்டு பதினான்கு நாள் வரை அங்கேயே இருங்கள். முடியாது என்றால் காரின் முன் சீட்டை முழுசாகப் பின்னால் தள்ளிச் சாய்த்து, சீட்டில் கெட்டியான தலையணை போட்டு உயர்த்தி உட்கார வையுங்கள். ஏற்றும்போது முதலில் பின்பக்கமாக உட்கார வைத்து, அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து மெதுவாக உள்ளே திருப்ப வேண்டும். கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்னால், டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரை. பாதி வழியில் ஒரு தடவை நிறுத்துங்கள்.

இப்போது குதிகால். படுக்கைப் புண் என்றால் எல்லாரும் பிட்டத்தைத்தான் பார்ப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாட்டி இருந்தார். தினமும் முதுகைத் திருப்பி, துடைத்து, அவ்வளவு சுத்தமாகப் பார்த்துக்கொண்டேன். "கண்ணு, குதிங்கால் எரியுதுடா" என்று இரண்டு நாள் சொன்னார். பாத வெடிப்பு என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். மூன்றாம் நாள் போர்வையை விலக்கிக் காலைத் தூக்கிப் பார்த்தால், குதிகாலின் பின்பக்கம் நாவல் பழ நிறத்தில், ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு ஒரு வட்டம். மேல்தோல் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உள்ளே சதை செத்துவிட்டது. இடுப்பு கூடிய பிறகும் அந்தக் குதிகால் ஆற மாதக்கணக்கில் ஆனது. அந்தப் பாட்டியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். இன்றைக்கும் எந்த நோயாளியிடம் போனாலும் என் கை முதலில் குதிகாலுக்குத்தான் போகும்.

நீங்களும் அதையே செய்யுங்கள். கெண்டைக்காலுக்குக் கீழே நீளவாக்கில் மெல்லிய தலையணை வைத்தால் குதிகால் மெத்தையைத் தொடாமல் நிற்கும், ஒரு தாள் நுழைகிற இடைவெளி போதும். முழங்காலுக்குக் கீழே மட்டும் சுருட்டி வைக்காதீர்கள், முட்டி மடங்கியே நின்றுவிடும். படுக்கையில் இருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கு ஒரு தடவை நிலையை மாற்ற வேண்டும், ராத்திரியும்தான். சிவந்த இடம் தெரிந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது, அந்தப் பக்கம் படுக்க வைக்காமல் இருந்தால் சரியாகிவிடும். வெளுக்கவே இல்லை என்றால் புண் தொடங்கிவிட்டது, அன்றைக்கே காட்டுங்கள். அதன்மேல் தேய்த்துவிட மட்டும் கூடாது, உள்ளே நசுங்கிய சதை இன்னும் கெடும். கறுப்பான தோலில் சிவப்பு தெரியாது. புறங்கையை வைத்துப் பாருங்கள், அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும்.

முதல் சில ராத்திரிகளில் உங்கள் அத்தை ஆளே மாறியதுபோல் பேசலாம். செத்துப்போனவர்களைக் கூப்பிடுவார், மாடு அவிழ்ந்துவிட்டது என்பார், உங்களையே யார் என்று கேட்பார். காற்று கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப் போனவர்கள் உண்டு. பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. வலி, தண்ணீர் போதாமை, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, சில மாத்திரைகள் என்று உடம்பில் ஏதோ ஒன்று சரியில்லாததன் அறிகுறி அது. எதிர்த்து வாதாடாதீர்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் மாட்டிவிடுங்கள், சின்ன விளக்கு எரியட்டும், கையைப் பிடித்துக்கொண்டு இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று நிதானமாகச் சொல்லுங்கள். திடீரென வந்தால் மறுநாளே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. முடிந்த மட்டும் உட்கார வைத்து, மணிக்கு ஒரு தடவை பத்து ஆழ்ந்த மூச்சு. கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது, அதுவும் மணிக்கு ஒரு தடவை. வலி மாத்திரையில் சில மலத்தை இறுக்கும், அதனால் தண்ணீர், கீரை, வாழைப்பழம் கட்டாயம். ராத்திரி எழ வேண்டுமே என்று பாட்டிமார் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார்கள், விடாதீர்கள். ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அன்றே மருத்துவமனை. திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ யோசிக்காமல் 108. ஆபரேஷன் செய்த கால் திடீரெனக் குட்டையாகத் தெரிந்து, காலை அசைக்கவே முடியவில்லை என்றால் பந்து நழுவியிருக்கலாம், நடக்க வைக்காதீர்கள். மலைக்குளிருக்கு வெந்நீர்ப் பை கேட்பார். சர்க்கரை இருந்து பாதம் மரத்திருந்தால் வேண்டவே வேண்டாம், வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

உங்கள் கேள்விக்கு வெளியே ஒன்று சொல்கிறேன், மலையில் இருக்கிற எல்லாருக்கும் இது தேவை. என் தம்பி ஒன்பது வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்கு மேலே உடைத்துக்கொண்டான். பக்கத்தில் ஒருவரிடம் போய் மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டினோம். இரண்டு ராத்திரி கத்தினான். "கட்டு போட்டா வலிக்கத்தான் செய்யும்" என்று எல்லாரும் சமாதானம் சொன்னோம். விரலை யாராவது நீட்டினால் உயிர் போகிற மாதிரி அலறினான். மூன்றாம் நாள் விரல் நீலமாகிச் சில்லிட்ட பிறகுதான் கீழே கொண்டுபோனோம். வீங்கிய சதை கட்டுக்குள் நெரிபட்டு ரத்தம் போகாவிட்டால் சில மணி நேரத்திலேயே தசை சாகத் தொடங்கும் என்பதை நான் நர்சிங் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். அவன் விரல்கள் இன்றைக்கும் மடங்கியேதான் இருக்கின்றன, அந்தக் கையால் சட்டைப் பொத்தான் போட முடியாது. அதனால் மாவுக்கட்டோ நாட்டுக்கட்டோ, மருந்துக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனால், விரலை நீட்டும்போது துடித்தால், மரத்துப்போனால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த ராத்திரியே இறங்கி வாருங்கள்.

சரி, உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். அவர் தோளும் போகும், உங்கள் முதுகும் போகும். மடித்த போர்வையை அடியில் போட்டு, பக்கத்து வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக முட்டியை மடக்கி இழுங்கள். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வந்து செய்வார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

நின்ற இடத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைகிறது என்றால் எலும்பு ஏற்கெனவே அரித்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மாத்திரை வேண்டுமா என்று டாக்டரிடம் நீங்களாகவே கேளுங்கள். வாரம் ஒரு தடவை போடும் அலெண்ட்ரோனேட் கொடுத்தால், காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு போட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. களியோ கூழோ, அத்தைக்குப் பிடித்தபடி கொடுங்கள்.

அவர் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் ஆள் விட்டு அந்தப் படியைத் தென்னந்துடைப்பத்தால் பாசி போகத் தேய்த்து, ஒரு பக்கம் கைப்பிடி அடித்து வையுங்கள். வாக்கர் கால்களின் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்றும் வாங்கும்போதே புரட்டிப் பாருங்கள்.