வாசகர் கேள்வி: நாற்கரச் சாலையில் ஒரு மேஜர் ஜெனரல்

கேள்வி: நாங்குநேரி விலக்கில் பேருந்துக்காகக் காத்து நின்றபோது பக்கத்தில் இருவர் வாக்குவாதம் செய்தார்கள். இந்த நாற்கரச் சாலை வாஜ்பாய் கொண்டுவந்தது என்றார் ஒருவர். இல்லை, இராணுவத்தில் ஜெனரலாக இருந்த ஒரு மந்திரி போட்டது என்றார் மற்றவர். யார் சொன்னது சரி? அந்த மந்திரி யார்?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நாங்குநேரி)

பதில்: இருவருமே பாதி பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலைகளை அகலப்படுத்தும் பெருந்திட்டத்தை 1998 அக்டோபரில் அறிவித்தவர் அன்றைய பிரதமர் வாஜ்பாய். 2000 நவம்பரில் தரைவழிப் போக்குவரத்து அமைச்சகத்தைப் பிரித்து, சாலைப் போக்குவரத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் தனி அமைச்சகம் அமைத்தபோது, அதைத் தனிப்பொறுப்புடன் கூடிய இணையமைச்சராக ஏற்று, 2003-இல் கேபினட் அமைச்சராக உயர்ந்து, 2004 மே மாதம் ஆட்சி மாறும்வரை நடத்தியவர் மேஜர் ஜெனரல் புவன் சந்திர கந்தூரி. நம் பக்கத்தில் கந்தூரி என்றால் பொட்டல்புதூர் தர்கா விழாதான் நினைவுக்கு வரும். இவருடைய பெயர் உத்தராகண்டின் கார்வால் மலைநாட்டுக் குடும்பப் பெயர், அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களை நான்கு பக்கங்களாக இணைக்கும் 5,846 கிலோமீட்டர் சாலைக்குத்தான் தங்க நாற்கரம் என்று பெயர். நாற்கரம் என்பது நான்கு பக்கம் கொண்ட வடிவம். அந்தப் பெயர் செய்தித்தாள்களில் அடிபட்டு அடிபட்டு, நான்குவழிச் சாலை எதுவானாலும் நாற்கரச் சாலை என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் வந்துவிட்டது. உண்மையில் நம் சாலை தங்க நாற்கரத்தில் அடங்காது. அது ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிவரை வரும் வடக்கு தெற்குப் பெருவழியின் கடைசித் துண்டு. முன்பு வாரணாசி முதல் கன்னியாகுமரிவரை 2,369 கிலோமீட்டர் ஓடிய தேசிய நெடுஞ்சாலை 7-இன் தென்பகுதி, எண்களை மாற்றியமைத்த பிறகு 44-இன் பகுதியாயிற்று.

கந்தூரியின் காலத்தில் முழுவேகத்தில் நடந்தது தங்க நாற்கர வேலை. கயத்தாறு, கங்கைகொண்டான், நாங்குநேரி, வள்ளியூர் வழியாக வரும் நம் துண்டின் பெரும்பகுதி வேலை அவர் பதவியிலிருந்து இறங்கிய பிறகு, அடுத்த ஆட்சியில் நடந்தது. ஆகவே, அவர் போட்ட சாலை என்று சொல்வது சற்று அதிகம். அவர் துறையை நடத்தியபோது உருப்பெற்ற திட்டத்தின் சாலை என்றால் பொருந்தும்.

அதன் அருமை தெரிய வேண்டுமானால் பழைய ஏழாம் எண் சாலையில் பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவிலுக்குப் போனவர்களைக் கேட்க வேண்டும். எதிரே லாரி வந்தால் ஓட்டுநர் ஒரு பக்கச் சக்கரங்களை மண்ணில் இறக்குவார். பேருந்து சாய்ந்து, சன்னலோரம் இருப்பவரின் மடியில் புழுதி கொட்டும். தார் விளிம்பு கத்திபோல் நிற்பதால் மறுபடி மேலே ஏறும்போது ஓர் உலுக்கல் இருக்கும். வள்ளியூருக்குள் ஒரு மாட்டுவண்டி முன்னே போனால் அதன் வேகம்தான் எல்லா வண்டிகளுக்கும் வேகம். இன்று ஊருக்குள் வராமல் புறவழிச்சாலையிலேயே இறக்கிவிட்டுப் போகும் பேருந்துகளைப் பற்றி நீங்கள் தனியாக எழுதியிருக்கும் வருத்தம் நியாயமானது, ஆனால் அதற்குச் சாலையைக் குறை சொல்வதற்கில்லை.

கேள்வி: நான் மெட்ராஸ் சாப்பர்ஸில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவன். உத்தரவு போட்டே பழகிய அதிகாரி ஓட்டுக் கேட்டு எப்படி ஜெயித்தார்? எங்கள் ஊரில் வார்டு மெம்பருக்கு நின்ற சுபேதார் அண்ணாச்சிக்கு டெபாசிட்டே கிடைக்கவில்லை.
(முன்னாள் படைவீரர், வள்ளியூர்)

பதில்: கந்தூரியும் உங்களைப்போல் பொறியாளர் படைக்காரர்தான் என்பதை அறிந்தால் மகிழ்வீர்கள். 1954 முதல் 1990 வரை அந்தப் படையில் பணிபுரிந்து மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்றவர். 1982-இல் அதி விசிஷ்ட சேவா பதக்கம் பெற்றவர். பாலம் கட்டுவதும் வழி அமைப்பதும் கண்ணிவெடி அகற்றுவதும் எத்தகைய வேலை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த நாளுக்குள் இந்த ஆற்றைப் படை கடக்க வேண்டும் என்றால் கடந்தே ஆக வேண்டும். காரணம் எழுதிக் கோப்பை மேலே அனுப்பிவிட்டு உட்கார முடியாது. அந்தப் பழக்கத்தோடு வந்த ஒருவரிடம், நிலம் எடுப்பு, ஒப்பந்தம், பாலம், புறவழி என்று ஆயிரம் முடிச்சுகள் உள்ள நெடுஞ்சாலைத் துறை போய்ச் சேர்ந்தது பொருத்தமே. பணமும் கையில் இருந்தது. 1998-இல் பெட்ரோலுக்கும் மறு ஆண்டு டீசலுக்கும் லிட்டருக்கு 1 ரூபாய் தனித் தீர்வை விதிக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டின் மத்திய சாலை நிதிச் சட்டத்தின் வழியாக அது சாலைக்கென ஒதுக்கப்பட்டது.

ஓட்டுக்கு வருவோம். 1991-இல் பாரதிய ஜனதா சார்பில் கார்வால் மக்களவைத் தொகுதியில் வென்றார். 1996-இல் சத்பால் மகராஜிடம் தோற்றார். 1998, 1999, 2004 மூன்றிலும் வென்றார். கார்வால் ரைபிள்ஸ் படையின் மையமான லான்ஸ்டவுன் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. படையில் இருப்பவரோ, படையிலிருந்து வந்தவரோ வீட்டுக்கு வீடு உள்ள நாட்டில் 'ஜெனரல் சாகிப்' என்ற அடைமொழிக்கு மதிப்பு உண்டு. நம் ஊர்களில் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று வழி சொல்வோம். அங்கே அப்படிச் சொன்னால் எந்த வீடு என்று திரும்பக் கேட்பார்கள். உங்கள் சுபேதார் அண்ணாச்சிக்கு வாய்க்காதது அந்தச் சூழல்தான்.

இடறியது முதலமைச்சர் பதவியில். 2007 மார்ச்சில் உத்தராகண்டின் முதலமைச்சரானபோது அவர் சட்டமன்ற உறுப்பினராக இல்லை. அவருக்காகத் தூமாகோட் தொகுதியை விட்டுக்கொடுத்தவர் அதுவரை காங்கிரஸ் உறுப்பினராக இருந்த தேஜ்பால் சிங் ராவத்; அவர் ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல். படையில் மேஜர் ஜெனரல் சல்யூட் அடிக்க வேண்டிய தரத்தில் இருந்தவர், அரசியலில் மேஜர் ஜெனரலுக்கு இருக்கையைக் காலி செய்து கொடுத்தார் என்பதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ராவத்தும் வெறுங்கையோடு போய்விடவில்லை. கட்சி மாறி, கந்தூரி விட்டுவந்த கார்வால் மக்களவைத் தொகுதியின் இடைத்தேர்தலில் வென்று டெல்லி சென்றார்.

கந்தூரியை எளிதில் அணுக முடியவில்லை, சொன்ன காரியம் நடக்கவில்லை என்ற மனக்குறை சொந்தக் கட்சி உறுப்பினர்களிடமே வளர்ந்தது. ஒரு பகுதியினர் அவரை மாற்றச் சொல்லி டெல்லிவரை போனார்கள். பட்டாலியனில் கமாண்டிங் ஆபீசரை ஜவான்கள் மாற்ற முடியாது. சட்டமன்றக் கட்சியில் முடியும். 2009 மக்களவைத் தேர்தலில் மாநிலத்தின் 5 தொகுதிகளையும் காங்கிரஸ் வென்றது. ஜூன் மாதம் கந்தூரி விலக, ரமேஷ் பொக்ரியால் நிஷாங்க் வந்தார். ஆனால் 2011 செப்டம்பரில், தேர்தல் நெருங்கிய வேளையில், அதே கட்சி அதே கந்தூரியைத் திரும்ப அழைத்தது. நேர்மையானவர் என்ற பெயர் அப்போது தேவைப்பட்டது. வந்தவர் சில வாரங்களுக்குள் முதலமைச்சரையும் வரம்புக்குள் கொண்டுவரும் லோகாயுக்தா (ஊழல் புகார்களை விசாரிக்கும் அமைப்பு) மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார். 'கந்தூரி அவசியம்' என்னும் பொருள்பட இந்தியில் கோஷம் எழுதித் தேர்தலைச் சந்தித்தது கட்சி. 70 இடங்களில் காங்கிரசுக்கு 32, பாரதிய ஜனதாவுக்கு 31. கோட்துவார் தொகுதியில் கந்தூரியே தோற்றார். அந்த ஓர் இடம் கிடைத்திருந்தால் கணக்கு அப்படியே மாறியிருக்கும்.

அடுத்து முதலமைச்சரானவர் விஜய் பகுகுணா. பழைய காங்கிரஸ் தலைவர் ஹேமவதி நந்தன் பகுகுணாவின் மகன். கந்தூரி அந்தப் பகுகுணாவின் சகோதரி மகன். நம் முறையில் சொன்னால் மருமகன் இறங்க, மாமன் மகன் ஏறினார்.

கேள்வி: கந்தூரி காலத்தில் நெடுஞ்சாலைத் துறையில் ஊழலே இல்லை என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?
(வாசகி, தென்காசி)

பதில்: அமைச்சர் கைசுத்தமானவர் என்று பெயர் பெற்றிருந்ததும், துறையின் கீழ்த்தட்டு சுத்தமாக இருந்ததும் ஒன்றல்ல. தங்க நாற்கர வேலையில் பீகார், ஜார்க்கண்ட் பக்கம் பணியாற்றிய சத்யேந்திர துபே என்ற இளம் பொறியாளர், ஒப்பந்த வேலைகளில் நடந்த முறைகேடுகளை 2002-இல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தும், கடிதம் பெயரோடு மேசை மேசையாகப் போயிற்று. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். மத்தியப் புலனாய்வுத் துறை அதை வழிப்பறியில் நடந்த கொலை என்றது. 2010-இல் 3 பேர் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முறைகேடுகளை வெளிப்படுத்துவோரைக் காக்கச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை நாட்டில் வலுப்பெற்றது அந்தக் கொலைக்குப் பிறகுதான். கந்தூரியின் தனிப்பட்ட நேர்மையை நான் ஐயுறவில்லை. ஆயினும் அவருடைய அமைச்சர் காலத்தைப் பற்றி எழுதும்போது துபேயின் பெயரை விட்டுவிட்டு எழுதினால் அது முழுமையாகாது.

கேள்வி: இராணுவத்தில் பணியில் இருந்துகொண்டே தேர்தலில் நிற்க முடியுமா? என் அண்ணன் அதிகாரியாகச் சேரப் படிக்கிறான், பிறகு அரசியலுக்குப் போவேன் என்கிறான்.
(கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை)

பதில்: முடியாது. கட்சியில் சேர்வதையும் அரசியல் கூட்டங்களில் பங்கேற்பதையும்கூட இராணுவ விதிகள் தடுக்கின்றன. பணியைத் துறந்தோ ஓய்வுபெற்றோ வந்தபின் தடையில்லை. இத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. தரைப்படைத் தளபதியாக இருந்து 2012 மே மாதம் ஓய்வுபெற்ற வி.கே. சிங், 2014-இல் காசியாபாத்தில் வென்று அமைச்சரானார். மேஜராகவே பணியைத் துறந்து வந்த ஜஸ்வந்த் சிங் வெளியுறவு, நிதி ஆகிய துறைகளை வகித்தார். வேறு தொழிலில் இருப்பவர்கள் பகுதிநேரமாகப் பணிபுரியும் பிராந்திய இராணுவம் மட்டும் வேறு கணக்கு. மக்களவை உறுப்பினராக இருந்தபோதே சச்சின் பைலட்டும் அனுராக் தாக்கூரும் அதில் அதிகாரி ஆனார்கள். அண்ணன் முதலில் தேர்வில் தேறட்டும்.

கேள்வி: 2018-இல் கந்தூரியை ஒரு குழுவிலிருந்து நீக்கினார்களாமே, என்ன நடந்தது?
(வழக்கறிஞர், அம்பாசமுத்திரம்)

பதில்: 2014-இல் மீண்டும் கார்வாலிலிருந்து மக்களவைக்கு வந்த அவருக்கு அமைச்சர் பதவி தரப்படவில்லை, பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் தலைவரானார். நம்மில் பலர் நிலைக்குழு என்றால் பெயருக்கு இருக்கும் குழு என்று எண்ணுகிறோம். ஆனால் அமைச்சகத்தின் செயலாளரையும் படைத் துணைத் தளபதிகளையும் எதிரே உட்காரவைத்து, கேட்ட பணம் எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்கும் இடம் அதுதான்.

2018 மார்ச்சில் வந்த குழுவின் அறிக்கையில் தரைப்படைத் துணைத் தளபதியின் சாட்சியம் அப்படியே இடம்பெற்றது. படையிடம் உள்ள தளவாடங்களில் 68 விழுக்காடு பழையவை, 24 விழுக்காடு நடப்புத் தரத்தவை, 8 விழுக்காடு மட்டுமே அதிநவீனமானவை என்றார் அவர். நவீனமயமாக்கலுக்கு ஒதுக்கிய 21,338 கோடி ரூபாய், ஏற்கெனவே செய்துகொண்ட ஒப்பந்தங்களுக்குக் கட்ட வேண்டிய 29,033 கோடிக்கே போதாது என்றும் சொன்னார். வீட்டுக் கணக்கில் சொன்னால், இந்த மாதத் தவணைக்கே சம்பளம் பற்றாதபோது புதுப் பாத்திரம் வாங்குவது எப்படி என்பது கேள்வி. இதை எழுதியது எதிர்க்கட்சிக்காரரின் தலைமையில் இருந்த குழு அல்ல. ஆளுங்கட்சி உறுப்பினர், அதுவும் 36 ஆண்டுகள் சீருடை அணிந்தவர், தலைவராக இருந்த குழு.

அவ்வாண்டு செப்டம்பரில் குழுக்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தலைமை கல்ராஜ் மிஸ்ராவுக்குப் போயிற்று. கேள்வி கேட்டதற்காகவே கந்தூரியை நீக்கினார்கள் என்று காங்கிரஸ் தேர்தல் மேடைகளில் பேசியது. ஆண்டுதோறும் குழுக்களை மாற்றியமைப்பது வழக்கம்தான். இருந்தாலும், வரிசையாக நான்கு ஆண்டுகள் தலைவராக இருந்தவரை, மக்களவையின் காலம் முடியச் சில மாதங்களே இருந்தபோது மாற்றியதை வெறும் வழக்கம் என்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை. முதலமைச்சராக இருந்தபோதும் குழுத் தலைவராக இருந்தபோதும் அவருக்குச் சங்கடம் தந்தது ஒரே குணம்தான்: களத்தில் இருப்பதைத்தான் தாளில் எழுதுவேன் என்பது.

கேள்வி: நாங்குநேரியிலும் சாலைப்புதூரிலும் சுங்கம் கட்டி மாளவில்லை. இதைக் கொண்டுவந்ததும் அந்த ஜெனரல்தானா?
(வாடகைக் கார் ஓட்டுநர், திசையன்விளை)

பதில்: இல்லை அண்ணாச்சி. தேசிய நெடுஞ்சாலையில் கட்டணம் வாங்குவதற்குச் சட்டத்தில் அவருக்கு முன்பே வழி இருந்தது. பெட்ரோல் தீர்வையும் கட்டி, சுங்கமும் கட்டுகிறோமே என்ற உங்கள் கேள்வியை அவருக்குப் பின்வந்த எல்லா அமைச்சர்களிடமும் கேட்க வேண்டும்.

கேள்வி: கந்தூரியின் பிள்ளைகள் அரசியலில் இருக்கிறார்களா?
(வாசகர், களக்காடு)

பதில்: இருக்கிறார்கள். 2019-இல் தந்தை போட்டியிடவில்லை. மகன் மனீஷ் காங்கிரசில் சேர்ந்து அதே கார்வாலில் நின்று, பாரதிய ஜனதாவின் தீரத் சிங் ராவத்திடம் தோற்றார். 2024-இல் அவரும் பாரதிய ஜனதாவுக்கு வந்துவிட்டார். மகள் ரிது கந்தூரி 2017-இல் யம்கேஷ்வர் தொகுதியில் வென்று, 2022-இல் கோட்துவாருக்கு மாறினார். 2012-இல் அங்கே தந்தையைத் தோற்கடித்த சுரேந்திர சிங் நேகியே எதிரே நின்றார். இம்முறை நேகி தோற்றார்; ரிது உத்தராகண்ட் சட்டமன்றத்தின் முதல் பெண் சபாநாயகரானார்.