ஆர்கானிக் கெமிஸ்ட்ரி பாக்கி இருக்கையில் பல்கலைக்கழகம் மாறலாமா?

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் கடிதமும் அதனோடு அனுப்பியிருந்த எக்செல் அட்டவணையும் கிடைத்தன. முடித்த பாடங்களுக்குப் பச்சை, இப்போது படிப்பவற்றுக்கு மஞ்சள், மீதமுள்ளவற்றுக்குச் சிவப்பு என்று நிறம் கொடுத்திருக்கிறீர்கள். முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களைத் தரும் சமுதாயக் கல்லூரியில் படிக்கும் உங்கள் மகனுக்கு, வரும் மே மாதத்தில் 60 யூனிட் (பாடங்களின் எடையைக் குறிக்கும் அளவு) நிறைந்துவிடும் என்றாலும், ஆர்கானிக் கெமிஸ்ட்ரியின் இரண்டாம் பகுதியும் இயற்பியலின் இரண்டாம் பகுதியும் சிவப்பாகவே நிற்கின்றன. "இரண்டு பேப்பர்தானே பாக்கி, யூசியில் சேர்ந்த பிறகு எழுதிக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். யூசி என்று நீங்கள் சொல்வது, பல வளாகங்களைக் கொண்ட கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தை.

தமிழ்நாட்டில் பொறியியல் படித்துவிட்டுக் கலிஃபோர்னியாவுக்கு வந்த பெற்றோர் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. நாம் அரியரோடு வளர்ந்தவர்கள். மூன்றாம் செமஸ்டர் கணக்குப் பாடத்தை ஆறாம் செமஸ்டரில் எழுதித் தேறியவர்கள் இன்று பெரிய பதவிகளில் இருக்கிறார்கள். ஆனால் அரியர் என்பது, கல்லூரிக்குள் இடம் கிடைத்துவிட்ட பிறகு தள்ளிப்போடும் தேர்வு. இங்கே சமுதாயக் கல்லூரியில் முடிக்கவேண்டிய முன்தேவைப் பாடங்களோ, மூன்றாம் ஆண்டில் இடம் தரலாமா என்று பல்கலைக்கழகம் தீர்மானிப்பதற்கான அளவுகோலாகவே இருக்கின்றன. 60 யூனிட் என்பது வாசல் வரை வருவதற்கான தகுதி. அறிவியல் துறைகளில் உள்ளே விடுவதா என்பதைப் பெரும்பாலும் இந்தப் பாடங்களும் அவற்றில் பெற்ற மதிப்பெண்களுமே முடிவு செய்கின்றன.

தம்பி சோம்பலாக இருந்துவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். அட்டவணையைப் பார்த்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை. முதல் செமஸ்டரில் அவன் எடுத்தது அறிமுக வேதியியல். இரண்டாவதில் பொது வேதியியலின் முதற்பகுதி. இப்போது அதன் இரண்டாம் பகுதி. அதை முடிக்காமல் ஆர்கானிக்கில் பெயர் பதிய முடியாது. ஆர்கானிக் முதற்பகுதியை முடிக்காமல் இரண்டாம் பகுதிக்குப் போகவும் முடியாது. அறிமுகப் பாடத்தில் தொடங்கிய எவருக்கும் வேதியியல் மட்டுமே ஐந்து செமஸ்டர் பிடிக்கும், கோடை விடுமுறையைப் பயன்படுத்தினால் ஒழிய. ஆகவே இரண்டு ஆண்டுகளில் முடியாமல் போவது அவன் முதல் நாள் எந்த வகுப்பில் உட்கார்ந்தானோ அன்றே ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அதை அப்போது யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது செய்யவேண்டிய முதல் வேலை, அசிஸ்ட் என்னும் அரசு இணையதளத்தில் அவனுடைய கல்லூரியையும், அவன் விரும்பும் வளாகத்தையும், உயிர்வேதியியல் துறையையும் தேர்ந்தெடுத்து, கல்லூரியின் எந்தப் பாடம் வளாகத்தின் எதற்கு ஈடு என்று காட்டும் ஒப்பந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்வது. கட்டாயம் என்று குறித்த பாடங்களும் பரிந்துரை என்று குறித்த பாடங்களும் அதில் வேறுவேறாக இருக்கும், அவை வளாகத்துக்கு வளாகம் மாறவும் செய்யும். ஆர்கானிக் முழுவதும் கட்டாயம் என்று ஒரு வளாகம் சொல்லும் இடத்தில், இன்னொன்று அதைப் பரிந்துரை என்ற அளவில் நிறுத்தியிருக்கலாம். உங்கள் அட்டவணையில் எல்லாச் சிவப்பும் ஒரே சிவப்பாக இருக்கிறது; கட்டாயத்தையும் பரிந்துரையையும் பிரித்துப் பார்த்தால் பாதிக் கவலைக்கு விடை தெரிந்துவிடும்.

அதே பக்கத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். யூசி வளாகங்களில் பெர்க்லியும் மெர்செடும் செமஸ்டர் முறையில் நடக்கின்றன. மற்றவை, கல்வியாண்டை மூன்று பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறை. டேவிஸ் போன்ற வளாகத்தில் மூன்று குவார்ட்டர்களாக நடக்கும் ஆர்கானிக் தொடருக்கு, செமஸ்டர் கல்லூரியின் இரண்டு பகுதிகளும் சேர்ந்துதான் பல நேரங்களில் ஈடாகக் கொள்ளப்படுகின்றன. ஒரு பகுதியை மட்டும் முடித்துவிட்டுப் போனால், அது எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று பொருந்தாமல், படித்ததையே திரும்பப் படிக்க நேரிடலாம். தொடராக வரும் பாடத்தைத் தொடங்கிய இடத்திலேயே முடிப்பது நல்லது என்று, மாணவர்களுக்குப் பாடத்திட்டத்தில் வழிகாட்டும் கல்லூரிக் கவுன்சிலர்கள் விடாமல் சொல்வதற்குக் காரணம் இதுதான். இயற்பியலுக்கும் இது பொருந்தும்.

கோடையில் முடித்துவிடலாமே என்ற உங்கள் யோசனைக்கு வருகிறேன். இலையுதிர் பருவத்தில் சேர்பவர், சேர்க்கைக்குத் தேவையானவற்றை அதற்கு முந்தைய வசந்த பருவத்திற்குள் முடித்திருக்க வேண்டும் என்பது யூசியின் பொது எதிர்பார்ப்பு. கடைசிக் கோடையில் எடுக்கும் பாடம் அவன் படிப்புக்கு உதவலாம். ஆனால் கட்டாயப் பாடம் ஒன்று குறைகிறது என்ற குறையை அது நீக்காது. வரும் வசந்தத்திலேயே எல்லாவற்றையும் திணித்துவிடலாம் என்று எண்ணவும் வேண்டாம். ஆர்கானிக், இயற்பியல், உயிரியல் என மூன்று ஆய்வக வகுப்புகள் ஏற்கெனவே அந்தப் பருவத்தில் இருக்கின்றன. ஆய்வக அறிக்கைகளை எழுதவே வார இறுதி போய்விடும். மூன்றில் ஒன்றில் டி வாங்கினால் அதைத் திரும்பப் படிக்க வேண்டிவரும், சராசரியும் இறங்கும்.

விண்ணப்பிப்பதானால் இந்த நவம்பர் இறுதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொரு வளாகத்துக்கும் 80 டாலர் கட்டணம். படித்துக்கொண்டிருப்பவை, வசந்தத்தில் படிக்கத் திட்டமிட்டவை என்று எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதவேண்டும். ஜனவரியில் மதிப்பெண்களையும் மாற்றங்களையும் புதுப்பிக்க ஒரு வாய்ப்பு தருவார்கள். இடம் கிடைத்தாலும் அது நிபந்தனைக்கு உட்பட்ட இடமே. என்னிடம் வந்த மாணவி ஒருத்தி, ஏப்ரலில் சேர்க்கைக் கடிதம் வந்த மகிழ்ச்சியில், கடினமாக இருந்த இயற்பியல் வகுப்பிலிருந்து யாரிடமும் சொல்லாமல் விலகிவிட்டாள். மதிப்பெண் சான்றிதழ் ஜூலையில் போய்ச் சேர்ந்த பின் அந்த இடம் ரத்தானது. விலகுவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டிருந்தால் வேறு வழி பிறந்திருக்கக்கூடும்.

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். கட்டாயப் பட்டியலில் அந்த இரண்டு பாடங்களும் இல்லாத வளாகங்கள் இரண்டோ மூன்றோ தேறினால், அவற்றுக்கு இந்த ஆண்டே விண்ணப்பிக்கட்டும். தேறாவிட்டால் சமுதாயக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு இருப்பதில் ஒரு குறையும் இல்லை. மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட் 46 டாலர். பருவத்துக்கு 12 யூனிட் வீதம் எடுத்தாலும் ஆண்டுக்கு 1,104 டாலர்தான் ஆகிறது. யூசியில் ஓராண்டுக் கல்விக் கட்டணமே 14,000 டாலரைத் தாண்டும். யூனிட் அதிகமாகிவிடுமோ என்று பயப்படவும் தேவையில்லை. முதல் இரண்டு ஆண்டுகளுக்குரிய கீழ்நிலைப் பாடங்களில் 70 செமஸ்டர் யூனிட் வரைதான் கணக்கில் எடுப்பார்கள் என்றாலும், அதற்கு மேல் படித்த பாடங்கள் தேவையை நிறைவு செய்தவையாகவே ஏற்கப்படும். தவிரவும், டேக் என்று மாணவர்கள் சொல்லும் சேர்க்கை உறுதித் திட்டத்துக்கான செப்டம்பர் கெடு இந்த ஆண்டு கடந்துவிட்டது. மறு ஆண்டு என்றால் அந்த வழியும் திறக்கும். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். அவனுடைய துறை அதில் உண்டா, என்ன சராசரி கேட்கிறார்கள் என்பதை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

"மூன்றாவது வருஷமும் அங்கேயா?" என்று தமிழ்ப் பள்ளி வாசலில் யாராவது கேட்பார்கள், கேட்கட்டும்.

இறுதியாக, கல்லூரி கவுன்சிலரை நீங்களே அழைத்துப் பேசப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். கல்லூரியில் சேர்ந்துவிட்ட மாணவரின் விவரங்களை, அவரது ஒப்புதல் இல்லாமல் பொதுவாகப் பெற்றோரிடம் சொல்லமாட்டார்கள், சட்டம் அப்படி. சந்திப்பு நேரத்தைத் தம்பியே பதிவு செய்யட்டும். நவம்பரில் கூட்டம் அதிகமாகிவிடும் என்பதால் இந்த வாரமே பதிவு செய்வது நல்லது. அசிஸ்ட் பக்கத்தின் அச்சுப் பிரதியையும், திருத்திய உங்கள் அட்டவணையையும் அவன் கையில் கொடுத்தனுப்புங்கள்.